அறுபத்து மூன்றாம் வீட்டுக் கோடு

அலுவலகத்தில் அவளை எல்லோரும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த இயக்குநரும் அப்படித்தான் கூப்பிட்டார். பதினேழு வருடம் மின்சார நிறுவனத்தில் ஒப்பந்தச் சம்பளத்துக்கு மீட்டர் கணக்கெடுத்தவள். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் மனிதர்கள் கடிப்பார்கள், எந்த வீட்டு மீட்டர் மாடிப்படிக்கு அடியில் பழைய பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தானே கணக்கை அனுப்பிக்கொள்ளும் புது மீட்டர்கள் வந்ததும் நிறுவனம் அவளுக்கு ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கடிகாரம் மூன்றே மாதத்தில் நின்றுபோனது.

அவளைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது, டயர் கடைக்கு மேலே மூன்று அறைகளில் நடந்துவந்த ஒரு தொண்டு நிறுவனம். லாபம் பார்க்காத நிறுவனம் என்பார்கள். பார்க்க ஆசைப்பட்டாலும் கிடைத்திருக்காது. இயக்குநர், கணினி வேலை பார்க்கும் ஒரு பெண், கணக்கெழுதுகிற ஒருவர், மீட்டரக்கா: மொத்தம் நான்கே பேர். இந்தப் பகுதியின் வீடுகள் எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் குடிக்கின்றன, அதில் எவ்வளவை வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுத்துக் கொடுக்க முடியும் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. பெரிய நகரங்களில் அளந்த கணக்கு இங்கே பொருந்தாது. இங்கே மின்சாரம் போகிற நேரம் வேறு, மக்கள் விழிக்கிற நேரம் வேறு. ஒருவர் அளந்து சொன்னால்தான் தெருவுக்கொரு பெரிய பேட்டரி வைப்பதா, கூரைக்குக் கூரை சூரியத் தகடு வைப்பதா என்று தெரியும். அதுவரை முக்குக்கு முக்கு டீசல் ஜெனரேட்டர்தான், அதன் புகைதான்.

நூறு வீடுகளைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு வீட்டு மின்கம்பியைச் சுற்றியும் வளையல் போல ஒரு வளையம், அதோடு தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. பத்து நொடிக்கு ஒருமுறை அது ஓர் எண்ணை அனுப்பும். எண்கள் சேர்ந்து அலுவலகத் திரையில் கோடாக ஓடும். ஒரு வருடத்துக்கான பணத்தை வெளியூர் அறக்கட்டளை ஒன்று கொடுத்திருந்தது. வருடம் முடிவதற்குள் நூறு வீட்டுக் கோடுகளும் பெரிய ஓட்டை உடைசல் இல்லாமல் இருந்தால் அடுத்த மூன்று வருடத்துக்குப் பணம் வரும். இல்லையென்றால் டயர் கடைக்காரர் மாடியை வேறு யாருக்காவது வாடகைக்கு விடுவார்.

கோடுகளைப் படிப்பதில் மீட்டரக்காவை அடிக்க ஆளில்லை. கணினிப் பெண்ணுக்கு அவை வெறும் வாட் கணக்கு. மீட்டரக்காவுக்கு அவை ஆட்கள். பதினெட்டாம் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்று அவள் சொன்னபோது யாரும் நம்பவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் சுட வைக்கிறார்களே, வேறு எதற்கு என்றாள். குழந்தைதான். நாற்பத்தொன்றில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை என்றாள். ஒரே நேரத்தில் இரண்டு அறையில் இரண்டு டி.வி. ஓடுகிறதாம். இதையெல்லாம் வெளியே சொல்லக்கூடாது என்று இயக்குநர் கையெழுத்து வாங்கியிருந்தார். சொல்லவும் மாட்டாள். வீட்டில் புருஷனிடம் மட்டும் எண்ணைச் சொல்லிப் பேசுவாள்.

தனியாக வாழ்கிறவர்களின் கோடுகள் பதினொன்று. அவற்றைக் காலையில் டீக்கு முன்னால் பார்த்துவிடுவாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாக வைத்துக்கொண்ட பழக்கம். ஏதாவது ஒரு கோடு எழ வேண்டிய நேரத்தில் எழவில்லையென்றால் போன் போடுவாள். "சிக்னல் சரியா வருதான்னு பாக்கத்தான் கூப்பிட்டேன்" என்பாள். இப்படிக் கூப்பிட்டதில் ஒரு தையல்காரிக்குக் காய்ச்சல் என்று தெரிந்து ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பியதும் உண்டு. அந்தப் பெருமை அவளுக்கு உள்ளூர நிறையவே இருந்தது.

அந்தப் பதினொன்றில் அவளுக்கு மிகவும் பிடித்தது அறுபத்து மூன்று. ஓய்வுபெற்ற நில அளவையர். மூன்று மாடிக் குடியிருப்பில் மேல்தளத்தில் இருந்தார். வளையம் மாட்டப் போன அன்று ஒரே ஒருமுறைதான் நேரில் பார்த்திருக்கிறாள். ஒல்லியாக, சட்டைப் பையில் மூன்று பேனாவோடு, "அளந்துட்டாப் போதும், பாதிச் சண்டை தீந்துடும்" என்று சொன்ன மனிதர். ஆனால் கோட்டில் தினமும் பார்த்தாள். நான்கு ஐம்பதுக்கு விளக்கு. ஐந்துக்கு வெந்நீர். ஐந்தரைக்குக் கெட்டில். துணி துவைப்பது நல்ல வெயில் நேரத்தில், அதுவும் இவர்கள் கொடுத்த துண்டுத்தாளைப் படித்த பிறகு மாற்றிக்கொண்டது. கடிகாரம் நின்றாலும் அறுபத்து மூன்று நிற்காது.

"என்ன, உன் அறுபத்து மூணு எழுந்துட்டாரா?" என்று கேட்பான் அவள் புருஷன். அவன் லிஃப்ட் மெக்கானிக். மற்றவர்களை மேலே ஏற்றிவிட்டுத் தான் படியில் இறங்கி வருகிறவன் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வான்.

"உங்களுக்கு முன்னாடியே எழுந்தாச்சு" என்பாள் இவள்.

கோடு ஒருநாளும் பிசகாததால் அவருக்கு அவள் ஒருமுறைகூடப் போன் போட்டதில்லை.

வருடம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது கையிருப்பு வற்றியது. முதலில் நின்றது வெளிவேலைக்கான வண்டிச்செலவு. வளையம் கழன்றால், பெட்டி செத்தால், கோட்டுக்குக் கீழே குறிப்பெழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பணம் வந்ததும் போய்ச் சரிசெய்யலாம் என்றார் இயக்குநர். மாதக் கடைசியில் டீத்தூளும் நின்றது. இயக்குநர் இரவு பகலாக விண்ணப்பம் எழுதினார். கோடுகளை மட்டும் காட்டினால் கல்லும் கரையாது, ஒரு மனிதரைக் காட்ட வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். மீட்டரக்கா யோசிக்கவேயில்லை, அறுபத்து மூன்றைச் சொன்னாள். பெயர் போடாமல், "தனியாக வாழும் ஒரு முதியவர் தன் ஒரு நாளையே வெயிலுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்" என்று ஒரு பக்கம் எழுதினார்கள். அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மாள் பதில் அனுப்பினாள். விண்ணப்பம் பிடித்திருக்கிறது; வியாழக்கிழமை திரையில் பேசலாம்; முடிந்தால் அந்தப் பெரியவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய போன் அணைந்தே கிடந்தது. மூன்று நாள் முயன்று பார்த்துவிட்டுப் புதன்கிழமை காலை மீட்டரக்கா சொந்தக் காசில் பஸ் ஏறினாள். ஏறும்முன் திரையைப் பார்த்துக்கொண்டாள். ஆறரைக்குத்தான் விளக்கு எரிந்திருந்தது. வாரத்தில் ஒருநாள் அவர் அப்படித் தாமதமாக எழுவார். சரி, மனிதர் நன்றாகத் தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

குடியிருப்பின் மேல்தளத்தில் எதிரெதிராக இரண்டு கதவுகள். இடதுபக்கம் அறுபத்து மூன்று. கதவில் பூட்டுத் தொங்கியது. பூட்டின் மேல் தூசி. கதவிடுக்கில் செருகிய விளம்பரத் தாள்கள் வெயிலில் மஞ்சளாகிச் சுருண்டிருந்தன. கடைக்குப் போனவர் வீட்டுப் பூட்டு இப்படி இருக்காது என்று பதினேழு வருட அனுபவம் சொன்னது.

கைபேசியை எடுத்து அறுபத்து மூன்றின் கோட்டைத் திறந்தாள். கோடு தரையோடு ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரேலென்று மேலே ஏறியது.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அலுவலகத்துக்குப் போன் போட்டாள். "அறுபத்து மூணு இப்ப என்ன காட்டுது பாரு."

"ரெண்டாயிரம் வாட் அக்கா" என்றாள் கணினிப் பெண். "வெந்நீர் போடறார். ஏன், நீங்க அங்கதானே இருக்கீங்க? தட்டிப் பாருங்க."

தட்டினாள். பூட்டிய கதவைத் தட்டுவது கிறுக்குத்தனம் என்று தெரிந்தும் தட்டினாள். காதைக் கதவில் வைத்தாள். பலகை சில்லென்று இருந்தது. உள்ளே தண்ணீர் விழும் சத்தமில்லை, காலடி இல்லை, கடிகாரம்கூட ஓடவில்லை. கதவுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஃபியூஸ் பெட்டியைத் திறந்தாள். ஃபியூஸ் கட்டையை யாரோ பிடுங்கி மேலே வைத்திருந்தார்கள். இந்த வீட்டுக்குள் ஒரு கொசுவிரட்டிகூட எரிய வழியில்லை. கையிலிருந்த கோடு மட்டும் அசையாமல் உச்சியில் நின்றது. உள்ளே யாரோ நிதானமாகக் குளிக்கத் தயாராகிறார்கள்.

பட்டப்பகல் பதினொரு மணி. பேய் பிசாசு என்றால் சிரிக்கிறவள்தான். ஆனால் சிரிப்பு வரவில்லை. திரும்பி எதிர்க்கதவைப் படபடவென்று தட்டினாள்.

ரொம்ப நேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. அறுபத்து நான்காம் வீட்டுக்காரி. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. அவளும் தனியாள்தான், அந்தப் பதினொன்றில் ஒருத்தி. தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக நின்றாள்.

"எதிர்வீட்டு சாரைப் பாக்க வந்தேன்."

"சாரா? அவர் போய்ச் சேந்து ஏழு வாரமாச்சே. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் அவள். மீட்டரக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உள்ள வந்து உக்காருங்க. இன்னைக்கு எனக்கு லீவு. இருங்க, ஹீட்டரைப் போட்டுட்டு வந்துட்டேன், அணைச்சுட்டு வரேன்" என்று உள்ளே போனாள்.

உள்ளிருந்து சுவிட்சின் சத்தம் கேட்டது. மீட்டரக்காவின் கையில் அறுபத்து மூன்றாம் வீட்டுக் கோடு சரிந்து தரைக்கு வந்தது.

அவள் உட்காரவில்லை. மாடிப்படியில் பாதி ஓட்டமும் பாதி நடையுமாக இறங்கிக் கீழ்த்தளத்து மீட்டர் அறைக்குப் போனாள். சுவரில் பன்னிரண்டு மீட்டர்கள், பன்னிரண்டு கம்பிகள். மேல்தளத்துக் கம்பிகள் இரண்டும் ஒட்டி ஒட்டி இறங்கின. அறுபத்து மூன்று என்று அவள் கையெழுத்தில் ஒட்டிய வளையம் வலதுபக்கத்துக் கம்பியில் இருந்தது. அறுபத்து நான்கு இடதுபக்கத்தில்.

எப்படி நடந்தது என்று அவளுக்கு நினைவு வந்தது. அன்று மேல்தளத்தில் இரண்டு வீட்டிலும் வளையத்தை மாட்டிச் சோதித்துப் பார்த்தாயிற்று. பிறகுதான் வாசல் ஃபியூஸ் பெட்டி மூட மறுத்தது, வளையம் பிதுங்கியது. கீழே மீட்டர் அறையில் மாட்டிக்கொள்ளலாம் என்று இரண்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஒரு நாளைக்கு எட்டு வீடு முடிக்க வேண்டும் என்று அறக்கட்டளை கெடு வைத்திருந்த காலம் அது. மாட்டினாள், போனாள். இரண்டாவது முறை சோதிக்கவில்லை.

அப்படியானால் நான்கு ஐம்பதுக்கு எழுந்தது ஆஸ்பத்திரிக்காரி. வெயில் நேரத்துக்குத் துணி துவைப்பை மாற்றியது அவள். ராத்திரி முழுக்க விளக்கு எரிய, பகலில் தூங்கி வழிந்த அறுபத்து நான்காம் கோடு? ஷிஃப்ட் வேலைக்காரி, அப்படித்தான் இருக்கும் என்று மீட்டரக்கா ஒன்பது மாதமாகச் சமாதானம் சொல்லிவந்த அந்தக் கோடு, தூக்கம் வராமல் விடிய விடியப் படித்துக்கொண்டிருந்த நில அளவையருடையது.

அலுவலகத்துக்கு வந்ததும் யாரிடமும் பேசாமல் அறுபத்து நான்கைத் திறந்தாள். ஏழு வாரம் பின்னால் போனாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிவரை வழக்கம் போல. பிறகு ஃபிரிட்ஜ் மட்டும். ஏழு மணிக்கு, ஃபிரிட்ஜின் மெதுவான மேட்டுக்கு மேலே, சின்னதாக மூன்று பற்கள். அறுபது வாட், பழைய குண்டு பல்பு. எரிந்து அணைந்து, எரிந்து அணைந்து, எரிந்து அணைந்திருக்கிறது. எட்டு மணிக்கு மறுபடி மூன்று. ஒன்பதுக்கு மூன்று. பத்துக்கு மூன்று.

கணினிப் பெண் பின்னால் வந்து நின்றாள். "இது வளையம் லூஸா இருந்ததுக்கா. நீங்கதானே குறிச்சீங்க."

கோட்டுக்குக் கீழே குறிப்பு இருந்தது. செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. "64: கோடு துடிக்கிறது. வளையம் தளர்ந்திருக்கலாம். வண்டிச்செலவு வந்ததும் பார்க்க வேண்டும்." கீழே அவள் பெயரின் முதலெழுத்து. அன்று அவள் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, எழுதிவிட்டு, டீ குடிக்கப் போயிருக்கிறாள். பிறகு கோடு செத்துப்போனதையும் வளையம் கழன்றதாகவே எடுத்துக்கொண்டு, போன்கூடப் போடாமல் விட்டிருக்கிறாள். அறுபத்து மூன்று அன்று அழகாக நான்கு ஐம்பதுக்கு எழுந்திருந்தது.

"லூஸ் வளையம் மணி பாத்தா துடிக்கும்?" என்றாள் மீட்டரக்கா.

வளையத்தை மேலே சோதித்தபோது, ஒவ்வொரு வீட்டிலும் சொல்வது போல, அவரிடமும் சொல்லியிருந்தாள்: "ஒரு விளக்கை மூணு தடவை போட்டு அணைங்க சார்." அவர் போட்டு அணைத்தார். திரையில் மூன்று பற்கள் எழுந்தன. அவர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். "அப்ப இங்க நான் விளக்கைப் போட்டா அங்க உங்களுக்குத் தெரியும்" என்றார். "ஆமாம் சார், தினமும் பாப்பேன்" என்றாள் இவள்.

செவ்வாய் முழுக்க ஒவ்வொரு மணிக்கும் மூன்று. ராத்திரியும் விடவில்லை. புதன் பகலில் இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை, பிறகு மறுபடி மூன்று. மாலையில் இரண்டு. ராத்திரி பத்துக்கு ஒன்று. பன்னிரண்டு மணிக்கு விளக்கு எரிந்தது, அணையவில்லை. அப்படியே வெள்ளிக்கிழமை மதியம்வரை எரிந்தது. கணினிப் பெண் விரல்விட்டு எண்ணி, செவ்வாய் காலை ஏழிலிருந்து அந்தப் பன்னிரண்டு மணிவரை நாற்பத்தொரு மணி நேரம் என்றாள். சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

இயக்குநர் கெட்டவர் இல்லை. கேட்டதும் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே டயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, எண்ணை மாற்றிப் போட்டால் போதும், கோடு இரண்டும் முழுசாகத்தான் இருக்கின்றன, நூறுக்கு ஒன்று குறைந்தாலும் விதிப்படி தாங்கும் என்றார். விண்ணப்பத்தில் இருக்கிற பக்கத்தை எடுத்துவிடலாம். பெரியவர் காலமாகிவிட்டார் என்று ஒரு வரி. அதற்குமேல் எதற்கு.

வியாழக்கிழமை திரையில் அந்த அம்மாள் பெரியவரை விசாரித்தாள். இயக்குநர் அந்த ஒரு வரியைச் சொன்னார். எப்போது, எப்படி என்று கேட்டாள் அவள். இயக்குநர் தண்ணீர் குடித்தார். பக்கத்திலிருந்த மீட்டரக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்தக் கோட்டையும் காட்டினாள்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. முன்னால் சாய்ந்து பார்த்தாள். "இவ்வளவு தெளிவா தெரியுதா?" என்றாள். அப்புறம் வேகவேகமாகப் பேசினாள். வெயில் கணக்கு எடுக்கிற ஆராய்ச்சி ஊருக்கு ஒன்று இருக்கிறது. அதே வளையம் தனியாக இருக்கிறவர்களையும் காப்பாற்றும் என்றால் அது வேறு கதை. மூன்று வருடம் இல்லை, ஐந்து வருடத்துக்குக் கேளுங்கள். இந்தக் கோட்டை முதல் பக்கத்தில் போடுங்கள். குடும்பத்தாரின் ஒப்புதல் கையெழுத்து மட்டும் வேண்டும்.

திரை அணைந்ததும் அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் வயிறு இருக்கிறது. கணக்கெழுதுகிறவருக்கு இரண்டு பிள்ளைகள். மீட்டரக்காவுக்கே மகளின் படிப்பு பாதியில் நிற்கிறது. மனிதர் செத்தது இவர்களுக்கு வாய்ப்பாகிவிட்டது என்ற நினைப்பு ஒரு நாற்றம் போல அந்த அறையில் இருந்தது. யாரும் அதை வாயைத் திறந்து சொல்லவில்லை.

"அவருக்கு அக்கா ஒருத்தங்க இருக்காங்களாம்" என்றார் இயக்குநர் கடைசியில். "ஜெராக்ஸ் கடை வெச்சிருக்காங்க. நீங்க போனாத்தான் சரியா இருக்கும். ரொம்ப விவரமா சொல்ல வேணாம். ஆராய்ச்சிக்குன்னு சொல்லுங்க."

அன்று இரவு அவள் புருஷன், "பேசாம கையெழுத்தை வாங்கிட்டு வா. அந்தம்மாவுக்கு எதுக்கு அந்த வேதனை?" என்றான். கேலி பேசுகிற ஆள் அன்று கேலி பேசவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஜெராக்ஸ் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. நில அளவையரின் அக்கா, தம்பியைப் போலவே ஒல்லி. இயந்திரத்தின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். தம்பி விஷயமாக என்றதும் கடைக்கதவைப் பாதி சாத்தினாள்.

"அவன் வெள்ளிக்கிழமை தோறும் என்கூடச் சாப்பிடுவான். அன்னைக்கு வரலை. போய்ப் பாத்தா கட்டிலுக்கும் செவுத்துக்கும் நடுவுல கிடந்தான். டாக்டர் சொன்னார், ஒரு நொடிம்மா, அவருக்கே தெரிஞ்சிருக்காதுன்னு. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். கஷ்டப்படாம போயிட்டான்."

மீட்டரக்கா பையிலிருந்து ஒப்புதல் தாளை எடுத்திருந்தாள். பேனாவும் வெளியே வந்துவிட்டது. "ஆராய்ச்சிக்கு ஒரு கையெழுத்து வேணும்" என்று சொன்னால் போதும். அக்கா கண்ணாடியைத் தேடிக்கொண்டேகூட இருந்தாள். நான்கு பேர் சம்பளம், ஐந்து வருடம், புகையில்லாத தெருக்கள், இனிமேல் விழப்போகிற யாரோ ஒருவருடைய உயிர். எல்லாம் ஒரு கையெழுத்துத் தூரத்தில் இருந்தன. மீட்டரக்கா பேனாவைக் கீழே வைத்தாள்.

"அவர் கிட்ட விளக்கு ஏதாவது இருந்ததா?" என்று கேட்டாள்.

"மேஜை விளக்கு. சுவிட்சு இருக்கிற வயரு அவன் கையில சுத்தியிருந்தது. விழும்போது பிடிச்சு இழுத்திருப்பான்." அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "பகல்லயும் எரிஞ்சுக்கிட்டிருந்தது. நான்தான் அணைச்சேன். ஏன்?"

மீட்டரக்கா சொன்னாள். முதலில் தரையைப் பார்த்துச் சொன்னாள், பிறகு அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாள். கோட்டை அச்செடுத்து வந்திருந்த தாளை இயந்திரத்தின் மூடிமேல் விரித்தாள். செவ்வாய் ஏழு மணியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் காட்டினாள். மூன்று, மூன்று, மூன்று. வாய் பேச வராமல் கிடந்திருக்கலாம் என்றாள். நாற்பத்தொரு மணி நேரம் என்றாள்.

அக்கா தாளின் மேல் குனிந்தாள். விரலைப் பற்களின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே வந்தாள். புதன் மாலைக்கு வந்ததும் விரல் நின்றது.

"யாருக்குப் போட்டுக் காட்டினான்?" என்று கேட்டாள்.

"எனக்கு."

"நீங்க பாக்கலையா?"

"பாத்தேன். வேற வீடுன்னு நெனச்சேன். வளையம் லூஸுன்னு எழுதி வெச்சேன். ரெண்டையும் மாத்தி மாட்டினதும் நான்தான்." மீட்டரக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்குத் தனக்கு உரிமையில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வெளியே யாரோ பத்துப் பிரதி வேண்டும் என்று கேட்டார்கள். "கடை மூடியாச்சு" என்றாள் அக்கா, திரும்பாமல். கேட்டவர் போய்விட்டார். அவள் ஒப்புதல் தாளை இழுத்துப் படித்தாள். ஒரு வரி விடாமல் படித்தாள்.

"இதைக் காட்டித்தான் பணம் கேப்பீங்க."

"ஆமாம்."

"வாங்கினா இனிமே இப்படி ஆகாதா?"

"ஆகாதுன்னு சொல்ல மாட்டேன். யாராவது தினமும் பாக்கணும். ஒழுங்கா பாக்கணும்."

அக்கா தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினாள். "என் தம்பி நாப்பத்தொரு மணி நேரம் விளக்குப் போட்டான்னு முதல் பக்கத்துல போடுவீங்க. பாத்த ஆளு என்ன பண்ணாங்கன்னும் அதே பக்கத்துல இருக்கணும். நீங்களே எழுதுங்க. அதுக்குக் கீழதான் நான் கையெழுத்துப் போடுவேன்."

இதை எழுதினால் பணம் வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் அந்தத் திரைக்கு முன்னால் தன்னை உட்கார வைப்பார்களா என்பது சந்தேகம்தான். மீட்டரக்கா ஸ்டூலைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, பற்களுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் எழுதத் தொடங்கினாள். வழவழப்பான மூடிமேல் தாள் வழுக்கி முதல் வரி கோணிக்கொண்டு போனது. அக்கா அந்தத் தாளை நகராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.